எங்கள் கடையின் முதல் வாடிக்கையாளர்

கல்லூரிப் பத்திரிகையில் வாராவாரம் பொய் எழுதுவது என் வேலை. செனட்டர் முட்டையிட்டார், மேயர் அதை அடைகாத்தார் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். இது அந்த வகை அல்ல. சந்தேகப்படுபவர்கள் எங்கள் ஊரான கேசான் சிட்டிக்கு வந்து என் நண்பன் ஓன்யோக்கைச் சிரிக்கச் சொல்லிப் பார்க்கலாம். முன்பற்கள் நான்கு இருக்காது.

இறுதியாண்டுக் கண்காட்சிக்காக ஓன்யோக், அமிஹான், நான் மூவரும் சேர்ந்து ஒரு கடை செய்தோம். ஊருக்குள்ளேயே குபாவோ பகுதியில் பழைய செருப்புக் கடையொன்றைக் காட்சிக்கூடமாக்கியிருந்தார்கள். அதற்குள் எங்கள் இருபத்து நாலு மணி நேரக் கடை. தகர டப்பாக்களில் வேட்பாளர்களின் முகம். 'உடனடி வாக்குறுதி. வெந்நீர் ஊற்றினால் பொங்கும்.' குளிர்பெட்டியில் பாட்டில்கள். 'ஏழையின் கண்ணீர். சர்க்கரை சேர்க்காதது.' யாராவது ஒரு டப்பாவைத் தூக்கினால், மேலே இருக்கும் டிவியில் தூக்கியவரின் முகம் வரும். அதன் கீழே சிவப்புப் பட்டையில் 'திருடன் பிடிபட்டான்'. காவலாளி உடுப்பில் நிற்கும் ஓன்யோக் விசில் ஊதிக்கொண்டே வந்து பஞ்சுத் தடியால் முதுகில் தட்டுவான். அவ்வளவுதான் கலை. இதற்குத்தான் நான்கு வருடம் படித்தோம்.

திறப்பு விழா அன்று மதியம் ஓன்யோக்கின் தெருவில் துக்கம். டென்சியோ மாமா, டிரைசைக்கிள் டாக்ஸி ஓட்டுபவர். பால் டப்பாவைத் திருடிவிட்டார் என்று ஒரு கடையின் காவலாளிகள் அடித்ததில் இறந்துபோனார். இரண்டு நாளாக டிவியில் அவர் திருடன். சட்டைப்பையில் ரசீது இருந்ததை எந்தச் சேனலும் சொல்லவில்லை.

மூவரும் போனோம். சவப்பெட்டியின் கண்ணாடியில் முகம் வரும் இடத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். கொன்றவனின் மனசாட்சியைக் கொத்தட்டும் என்று பெட்டி மேல் ஒரு கோழிக்குஞ்சை விட்டிருந்தார்கள். அது பிஸ்கட் தூளைக் கொத்திக்கொண்டிருந்தது.

துக்க வீட்டிலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. வழியில் வேறு எங்காவது நுழைந்துவிட்டுத்தான் போவோம். இல்லையென்றால் இறந்தவர் கூடவே வந்துவிடுவார். பெரும்பாலும் ஏதாவது கடையில் ஒரு காபி. அவரை அங்கே விட்டுவிட்டு நாம் கிளம்பிவிடலாம். அன்றைக்கு நாங்கள் ஏறிய ஜீப்னி வண்டி நெரிசலில் சிக்கி நகரவே இல்லை.

"எங்கயாவது இறங்கி ஒரு காபி குடிச்சிட்டுப் போயிடலாம்டா," என்றாள் அமிஹான்.

"நேரமில்ல. நாமளே ஒரு கடை வெச்சிருக்கோமே, அது போதாதா?" என்றான் ஓன்யோக்.

"அது பொம்மைக் கடைடா, எருமை."

"டென்சியோ மாமாவுக்கு அது தெரியவா போகுது?"

சிரித்தோம்.

எங்கள் கடைக் கதவில் ஆள் நுழைந்தால் 'டிங்-டாங்' என்று ஒரு மணி அடிக்கும். ஓன்யோக் நுழைந்தான். டிங்-டாங். அமிஹான். டிங்-டாங். நான். டிங்-டாங். கதவு மூடியது.

டிங்-டாங்.

"மலிவான மணி, தானா அடிக்குது," என்றேன்.

பின்னறையில் ஓன்யோக்குக்குக் காவலாளி உடுப்பைப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, கீழ்த்தட்டில் இருந்த டப்பாக்கள் அத்தனையும் இடம் மாறியிருந்தன. ஒன்றுவிடாமல், ஒவ்வொன்றும் ஒரு விரல் அளவுக்கு. வெள்ளைச் சுவரில் கதவிலிருந்து குளிர்பெட்டி வரைக்கும் ஒரு பழுப்புக் கோடு. யாரோ சுவரைத் தடவிக்கொண்டே நடந்த மாதிரி.

"பிட்டோய், இது உன் வேலைதானே?" அமிஹான் முறைத்தாள்.

"நான் உங்ககூடத்தானே உள்ள இருந்தேன்?"

மேலே டிவி தானாக எரிந்தது. திரையில் வெறும் அலமாரி. ஆள் யாரும் இல்லை. கீழே சிவப்புப் பட்டை. 'திருடன் பிடிபட்டான்.'

ஆறரைக்குக் கூட்டம் வந்துவிட்டது. வைன், சீஸ், கையில் போன்கள். எங்கள் பேராசிரியர் லகாஸ்கா கழுத்தில் ஆளுயரத்துக்கு ஒரு ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். அவர்தான் முதல் டப்பாவைத் தூக்கினார். டிவியில் அவர் முகம். கூட்டம் சிரித்தது. ஓன்யோக் விசிலைப் பல்லில் கடித்து ஊதினான்.

ப்ரீரீ...

தப்!

அவன் தலை பக்கவாட்டில் திரும்பியது. யாரும் அவனைத் தொடவில்லை. பக்கத்தில் ஆளே இல்லை. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து சட்டைப் பொத்தானில் சொட்டியது.

கூட்டம் கைதட்டியது.

தப்! இந்த முறை வயிற்றில். மடிந்து விழுந்து, அலமாரியை இழுத்துக்கொண்டே சரிந்தான். டப்பாக்கள் உருண்டன. தாடை இறுகிப்போயிருந்தது. விசில் இன்னும் பல்லுக்கு நடுவில். அவன் மூச்சு விட்டான். விசில் மெல்ல ஒலித்தது.

தப்!

வலியில் மூச்சு வாங்கினான். ப்ரீ...

தப்! தப்!

"காவலாளியையே அடிக்கிறாங்க, பாருங்க! அதிகாரத்தைத் தலைகீழா புரட்டுறாங்க!" லகாஸ்கா பக்கத்திலிருந்தவரிடம் விளக்கினார். சுற்றி நின்ற எல்லோரும் படம் எடுத்தார்கள்.

"நடிப்பில்ல! இது நடிப்பில்ல!" நான் கத்தினேன்.

அதற்கும் கைதட்டினார்கள்.

ஓடிப்போய் அவன் மேல் விழுந்தேன். என் தோளில் ஒரு கை பட்டது. குளிர்ந்த கை. அடிக்கவில்லை. தடவியது... தோள், கழுத்து, காது, உதடு. என் வாயில் இரண்டு விரல்கள் நுழைந்து எதையோ தேடின. மருந்து நாற்றம். பிறகு என்னை ஒரு மூட்டையைப் போலத் தள்ளிவிட்டது.

ப்ரீ...

தப்! பல் உடையும் சத்தம் கேட்டது.

அவன் கண் செருகியது.

ப்ரீ...

தப்!

"விசில்! விசிலை எடுடா!" அமிஹான் அலறினாள்.

அவளே பாய்ந்தாள். அவன் தாடையை இரண்டு கையாலும் பிளந்து, ரத்தத்தோடு அதைப் பிடுங்கினாள். பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தாள்.

அடி நின்றது.



கீழே கிடந்த டப்பாக்கள் நகர்ந்தன. ஒன்று... அடுத்தது... கதவை நோக்கி.

டிங்-டாங்.

கூட்டம் விடாமல் கைதட்டியது. எங்களுக்குத்தான் முதல் மதிப்பெண்.

ஓன்யோக்கை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிர் தப்பினான். தாடையில் கம்பி, விலாவில் மூன்று முறிவு. பஞ்சுத் தடி வைத்திருந்தவனுக்கு இவ்வளவு அடி எப்படி என்று டாக்டர் கேட்டார். கலை என்றேன்.

டென்சியோ மாமாவை அடக்கம் செய்து நான்கு நாள் கழித்து, அவர் மனைவி பாசிங் அக்காவைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். நம்பமாட்டார் என்று நினைத்தேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஓன்யோக் பொழைச்சுக்குவானா?"

"பொழைச்சுக்குவான்கா."

"ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் உசுரோட இருந்தாரு தம்பி. முதல் அடியே கண்ணுலதான். ரெண்டும் போச்சு. பெட்டியில துணி போட்டிருந்தோமே, அதுக்குத்தான். அடிச்சவன் யாருன்னு போலீஸ் கேட்டுச்சு. முகம் தெரியாது, விசில் சத்தம் மட்டும் காதுல இருக்கு, அது போதும், நான் பாத்துக்கறேன்னாரு."

"வெறும் விசில் சத்தத்த வெச்சு, எந்தக் கடைக் காவலாளின்னு அவருக்குப் பிரிச்சுத் தெரியுமாக்கா?"

அக்கா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார். என் கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்து அனுப்பினார்.

பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். பேக்கரி, மருந்துக்கடை, அடகுக்கடை, வங்கி. ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலாளி நின்றான். ஒவ்வொருவன் கழுத்திலும் விசில் தொங்கியது.

தெருமுனையில் யாரோ ஊதினார்கள்.