சட்டிக்குள் எரிந்த பல்ப்

மாங்குளத்தில் லொறி திருத்தும் கடையொன்றில் வேலை பார்த்த என் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்ததில்லை. ஒருமுறை பலாப்பழம், ஒருமுறை ஓடாத மணிக்கூடு. அதை அம்மா கடைசிவரை சுவரில் மாட்டி வைத்திருந்தார், அது வேறு கதை. அந்த முறை வந்தது ஒரு லொறி பற்றறியும் மூன்று கார் பல்ப்புகளும்.

"இனி ராந்தல் காத்துக்கு நூருமெண்ட பயமில்லை அக்கா" என்று மீசையைத் தடவினார்.

நாங்கள் முல்லைத்தீவுக் கடற்கரைச் சனம். கடலுக்குப் போன வள்ளம் பொழுதுபடத் திரும்பாவிட்டால், கரையில் கம்பு நட்டு ராந்தல் கட்டுவோம். ஒரு வெளிச்சம் என்றால் வரலாம். இரண்டு என்றால் கரையில் அலை மோசம், வெளியே நில். அன்று பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, வாடைக்காற்று ஏறிக்கொண்டிருந்தது, அப்பா வரவில்லை. ராந்தலை ஏற்ற ஏற்றக் காற்று அணைத்து நூர்த்தது.

மாமா கம்பில் ஒரு பல்ப்பைக் கட்டிப் பற்றறியோடு தொடுத்தார். பளீரென்று ஒரு வெள்ளை. அடுத்த கணம் பல்ப் கறுத்துப்போனது.

"என்னடா செய்தனி?" என்றார் அம்மா.

மாமா குந்தியிருந்து ஈரமணலில் கணக்குக் கீறினார்.

"பல்ப் பன்னிரண்டு வோல்ற், முப்பத்தாறு வாற்ஸ். அப்ப மூண்டு அம்பியர் இழுக்கும். பன்னிரண்டை மூண்டாலை பிரிச்சா நாலு ஓம், அதுதான் இதின்ரை தடை. லொறி பற்றறி இருபத்திநாலு வோல்ற். அதாலை ஆறு அம்பியர் பாய்ஞ்சிட்டுது. இருபத்திநாலை ஆறாலை பெருக்கு, நூற்றிநாப்பத்திநாலு வாற்ஸ்! கருகாமல் என்ன செய்யும்?"

"கடலுக்கை மனுசன் நிக்கிறார், நீ வாய்ப்பாடு சொல்லுறாய்."

"பொறுங்கோ அக்கா. ரெண்டு பல்ப்பை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாத் தொடுத்தா எட்டு ஓம். மூண்டு அம்பியர்தான் வரும்."

தொடுத்தார். இரண்டும் அழகாக எரிந்தன. நான் கைதட்டினேன். அம்மா தலையில் கைவைத்தார்.

"ஐயோ, ரெண்டு வெளிச்சமடா! அவர் வெளியிலையே நிண்டிடுவார்!"

"அப்ப ஒண்டைக் கழட்டுங்கோ மாமா" என்றேன்.

"கழட்டினா மற்றதும் நூரும் மருமோனே."

வயரும் கட்டை. ஒன்றை இழுத்துக்கொண்டுபோய் வீட்டுக்குள் ஒளிக்க முடியாது. மாமாவின் மீசை அப்போதுதான் தொங்கியது.

அம்மா வீட்டுக்கு ஓடி மீன்சட்டியோடு வந்தார். ஒரு பல்ப்பை மணலில் இறக்கி, சட்டியால் கவிழ்த்து மூடினார். காற்று சட்டியைப் புரட்டப் பார்த்தது. இரண்டு கைகளாலும் அதை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

எனக்கு அந்தப் பல்ப்பின்மேல் கவலை. "உள்ளுக்கை எரியிறது ஆருக்கம்மா?" என்றேன். அவர் கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

இருட்டுக்குள் முதலில் அப்பாவின் குரல்தான் வந்தது.

"ஆரடா கரையிலை நிலவைக் கட்டி வச்சிருக்கிறது?"

"கணக்கு அத்தான், கணக்கு!" என்று மாமா தண்ணீருக்குள் ஓடினார். அன்று பெரிய மீன்தலை அவருக்குத்தான் கிடைத்தது.

பிறகு நானும் லொறிகளோடு சீவித்து, எழுத்தறியாவிட்டாலும் அந்தக் கணக்கைப் பழகினேன். கம்பில் எரிந்ததும் சட்டிக்குள் எரிந்ததும் ஒரே முப்பத்தாறு வாற்ஸ்தான். வெளிச்சம் மறைந்தாலும் சூடு எங்கும் போய்விடாது.

அடுத்தநாள் தேங்காய் திருவியது அப்பா. அம்மாவின் உள்ளங்கைகள் கொப்புளித்திருந்தன. தோசைக்கல் சுட்டுவிட்டது என்றார். நான் நம்பினேன். எங்கள் வீட்டில் தோசைக்கல்லே இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.