அப்பாவின் சாரத் துண்டு

ஹட்டனில் என் வீட்டில் உட்கார்ந்து, முதல் முறையாகப் போர்வை தைத்துக்கொண்டிருந்தேன். பழைய சேலைகளை மூன்று அடுக்காக மடியில் விரித்துத் தைத்துக்கொண்டே போனேன். கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டு எழுந்தால் போர்வையும் கூடவே எழுந்தது. நான் உடுத்தியிருந்த கவுனையும் சேர்த்துத் தைத்துவிட்டேன்!

அப்பாவுக்கும் இதேதான் நடந்தது. அம்மா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போன வருடம் அது. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவில் குளிர் தாங்கவில்லை. அம்மா விட்டுப்போன சேலைகளை அடுக்கி, சாக்கு தைக்கும் ஊசியால் ஒரு ஞாயிறு முழுக்க அப்பா தைத்தார். சேலைகளில் விறகுப் புகையும் கொழுந்துச் சாறும் மணத்தன. அம்மா போனதிலிருந்து நாங்கள் யாருமே அதிகம் பேசுவதில்லை.

முடித்துவிட்டு அப்பா எழுந்தார்.

"அப்பா, போர்வையும் ஒங்களோடயே வருது!" என்று தங்கச்சி கத்தினாள். அன்றுதான் மறுபடி சிரித்தோம். அத்தனை தையலையும் பிரிக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து வேறொன்றைக் கட்டிக்கொண்டு, போர்வையோடு மாட்டிக்கொண்ட துண்டை மட்டும் விட்டுச் சாரத்தைச் சுற்றி வெட்டிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து வந்த அம்மா போர்வையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னாங்க இது, ஏஞ்சேலையில ஒங்க சாரம்?"

"தெரிஞ்சுதான் வச்சேன்" என்றார் அப்பா, எங்கள் பக்கம் திரும்பாமல்.

அதற்குப் பிறகு அம்மா எப்போது போர்த்திக்கொண்டாலும் அந்தச் சாரத் துண்டு முகத்துப் பக்கம்தான் இருக்கும்.

கேத்தலை இறக்கிவிட்டு வந்து கத்தரிக்கோலை எடுத்தேன். தையலைத் தொடவில்லை. கவுனைத்தான் வெட்டினேன்.