உஃப்ரூமா என்றுதான் சொன்னார்

எனக்கு எழுபத்தேழு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு பேரும் இன்று சொந்தக் காலில் நிற்கிறார்கள். என் பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு முடிந்தது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஆரணி எழுதுகிறாள். புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் சுவிஸ் நாட்டில் கூர் நகரத்து ஹோட்டல் ஒன்றில் சேர்ந்தேன். மேசை துடைப்பது, மண்டபம் கூட்டுவது என் வேலை. முதலாளியை அங்கே ஷெஃப் என்பார்கள். முதல் நாளே அவர் என்னைப் பார்த்து "நாய், நாய்!" என்று கத்தினார். கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றேன். கோப்பை கழுவுகிற சிவம் அண்ணை ஓடி வந்தார்.

"பொறு பிள்ளை, சண்டைக்குப் போகாதை. இந்த ஊரிலை 'நை' எண்டால் இல்லை எண்டு அர்த்தம்."

"அப்ப அதை மெல்லமாச் சொல்லட்டுமன்."

அன்றிலிருந்து அவர்களுடைய சொற்களைக் காதால் படித்தேன். எழுத்துத் தெரியாதவளுக்குக் காதுதான் கொப்பி. 'அப்ரூமா' என்றால் மேசையில் இருக்கிற கோப்பை, தட்டுகளை எடுத்துக்கொண்டு போவது. 'உஃப்ரூமா' என்றால் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைப்பது. காதுக்குத் தொடக்கம்தான் வித்தியாசம். ஆனால் வேலை வேறு.

ஒரு சனிக்கிழமை எங்கள் மண்டபத்தில் போர் விளையாட்டுக் கண்காட்சி நடந்தது. தலை நரைத்த ஆட்கள் பெட்டி பெட்டியாக ஈயச் சிப்பாய்களைக் கொண்டுவந்திருந்தார்கள். மேசைகளில் பச்சை மலை, ஆறு, பாலம், விரலளவு வீடுகள். தாயக்கட்டை உருட்டி, அளவுநாடா பிடித்துச் சண்டை நடத்தினார்கள். எனக்கு அதில் ஒரு கோபமும் இல்லை. அவரவர் விளையாட்டு அவரவருக்கு.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஷெஃப் நடு மேசையைக் கையால் காட்டி "உஃப்ரூமா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கோப்பைகளை எடுத்தேன். தூசி தட்டினேன். சிப்பாய்கள் அங்கும் இங்கும் விழுந்து கிடந்தார்கள். யாருடைய சட்டைக் கை பட்டதோ என்று நினைத்து, கிடந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தேன். இருபத்துமூன்று பேர். மேசை பார்க்க வடிவாக இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் அலறினார்கள். சிவம் அண்ணை தலையில் கை வைத்தார்.

"பிள்ளை, விழுந்து கிடந்ததெல்லாம் செத்த ஆக்கள். நீ எல்லாரையும் எழுப்பிப் போட்டாய்!"

"செத்தவையை எழுப்பினதுக்கோ இவ்வளவு கத்தல்?"

ஷெஃப் வந்தார். தான் 'அப்ரூமா' என்றுதான் சொன்னாராம், இவளுக்குப் பாஷை விளங்கவில்லையாம். அத்தனை பேருக்கும் முன்னால் அப்படிச் சொன்னார். திங்கட்கிழமை இவள் வரத் தேவையில்லை என்றும் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலைக் கடிதம் இல்லையென்றால் அந்த நாட்டில் தங்குவதற்குப் பேர்மிட் இல்லை. பேர்மிட் இல்லையென்றால், ஊரில் அம்மாவிடம் விட்டுவந்த கடைசி இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட முடியாது.

"அண்ணை, இந்தாள் பொய் சொல்லுது எண்டு சொல்லுங்கோ."

"சொன்னால் என்ரை வேலையும் போயிடும் பிள்ளை."

"அப்ப இதைச் சொல்லுங்கோ. எது எது கிடந்ததெண்டு எனக்குத் தெரியும். திரும்பப் படுக்க வைக்கிறன். ஒண்டு பிழைச்சாலும் நானே போறன்."

அண்ணை சொன்னார். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் ஒரு தாளோடு என் பக்கத்தில் வந்து நின்றார். எந்தப் படையில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது மட்டும் அதில் இருந்தது. யார், எங்கே என்பது என் தலைக்குள் இருந்தது.

பாலத்தடியில் நான்கு பேர். மலையடியில் ஒரு குதிரைக்காரன். ஒரு வீட்டு வாசலில் இரண்டு பேர். நிமிர்த்தும்போது ஓடிய கை, கிடத்தும்போது ஓடவில்லை. ஊரில் எங்கள் வீட்டு ஒழுங்கையிலும் இரண்டு பேர் அப்படித்தான் செத்துக் கிடந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டேன். அங்கே நின்ற ஒருவரும் நான் ஏன் மெதுவாகச் செய்கிறேன் என்று கேட்கவில்லை. பிழை விடுகிறேனா என்றுதான் பார்த்தார்கள். இருபத்துமூன்றாவது ஆளையும் கிடத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தாடிக்காரர் தாளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "ஷ்டிம்ட்" என்றார். சரி என்று அர்த்தம்.

ஷெஃப் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டி, திங்கட்கிழமை ஆறு மணிக்கு வா என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. அங்கே பன்னிரண்டு வருடம் வேலை செய்தேன், பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். தான் சொன்னது 'உஃப்ரூமா' என்று அந்த மனிதர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும்?

அதற்குப் பிறகு எந்த ஷெஃப் என்ன சொன்னாலும், அந்தச் சொல்லை நானும் உரத்துச் சொல்வேன். அவர் தலையாட்டின பிறகுதான் மேசையில் கை வைப்பேன். பக்கத்தில் ஒரு ஆள் நின்று கேட்டால் இன்னும் நல்லது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஆரணி, இனி வாசி பாப்பம். ஆறுதலா வாசி. அந்தச் சொல்லை உனாவிலையோ எழுதினனீ, அனாவிலையோ?