போர் வண்டிக்காரர்களின் மேடம்

போன் மணி அடித்ததும் சுமதி செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறாள். உட்கார்ந்தபடி அவள் யாரோடும் போனில் பேசியதில்லை. செருப்புக் காலோடும் பேசியதில்லை. கேட்டால், "கால்ல செருப்பு இருந்தா எங்கயோ கிளம்பற மாதிரியே இருக்கும். அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு அது தெரிஞ்சுடும்" என்பாள். செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு பல் டாக்டரிடம் இப்போது வரவேற்பாளர் வேலை. தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்கள், வெறுங்காலோடு சன்னல் கம்பியைப் பிடித்து நின்று "ஹவ் ஹவ், சாயங்காலம் வாங்க, சும்மா பயப்பட நக்கோ" என்று யாருக்கோ தைரியம் சொல்லும் இந்த நாற்பத்தாறு வயதுப் பெண்மணியை வலியை மறந்து பார்ப்பார்கள்.

போலாரத்தில் ராணுவக் குடியிருப்பை ஒட்டி வளர்ந்தவள். அப்பா குடியாத்தத்திலிருந்து பாதுகாப்புத் துறைக் கிடங்கு வேலைக்கு வந்தவர். அதனால் அவள் தமிழில் வட ஆற்காடும் ஐதராபாத் உருதுவான தக்கனியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். கணவர் அனந்தராமன் மத்திய அரசு ஊழியர். மூன்று வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு நாலாவதைச் செலவழிக்க மாட்டார். வீட்டில் மிச்சமான பேச்சையெல்லாம் சுமதி வெளியில்தான் பேசித் தீர்த்தாள்.

பல் டாக்டரிடம் வருவதற்கு முன் அவள் இருந்த இடம், மருந்துக்கடைக்கு மேலே இரண்டே அறையில் இயங்கிய ஒரு கம்பெனி. முதலாளி ராகவேந்திரா சாப்ட்வேரில் சம்பாதித்தவர். மாதாப்பூரில் இருந்த கம்பெனியை விற்றுவிட்டு, இரும்புக்கல்லுக்கு விலை ஏறுகிறது என்று நேபாளத்தில் மலை தேடக் கிளம்பியவர். மலையில் ஓட்டை போட்டுப் பாறைத் தூளை எடுத்து, உள்ளே இரும்பு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்குத் திருச்செங்கோட்டுப் போர் வண்டிகளை வாடகைக்கு அனுப்பினார். கிணறு தோண்டுகிற அதே வண்டிகள்தாம். டீசல் தீர்ந்தாலும், பாறை துளைக்கும் பிட் உடைந்தாலும், ஒருவனுக்குக் காய்ச்சல் என்றாலும் அந்த ஆட்கள் கூப்பிடுவது சுமதியை. யாரும் ஐதராபாத்துக்கு வந்ததில்லை. ஊரிலிருந்து நேரே மலைக்குப் போய்விடுவார்கள். ஒருவன் முகமும் அவளுக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு ஜலதோஷம், யார் பொய் சொல்கிறான், யார் வீட்டை நினைத்து அழுதுவிட்டுப் பேசுகிறான் என்பதெல்லாம் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும்.

2008இல் நேபாளத்தில் மாவோயிஸ்டுகள் தேர்தலில் ஜெயித்து ஆட்சியில் உட்கார்ந்தார்கள். ராகவேந்திரா மலைக்கு உரிமம் வாங்கியது அதற்கு முந்தைய அதிகாரிகளிடம். மண்ணுக்குள் இருப்பதெல்லாம் மக்களுக்கே என்று மேடைக்கு மேடை பேச்சு. பழைய உரிமங்கள் என்ன ஆகும் என்று கேட்டால் தலைநகரத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மலையடிவாரத்து மாவோயிஸ்ட் கமிட்டிக்கு மட்டும், அவை செல்லாது என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

குளிர் தொடங்கிய சமயம், மலையில் நின்ற வண்டியின் டிரில்லர் திருநாவுக்கரசு கூப்பிட்டார். ஐம்பது வயதுக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். அன்று குரல் தணிந்திருந்தது.

"ஏனுங் மேடம், நாம கடைசி ஓட்டை போட்டதுக்கப்பறம் கீழ ஊர்ல ஊத்து நின்னு போச்சுங்க. பொம்பளைங்க கொடத்தத் தூக்கீட்டு வண்டிகிட்ட வந்து, நின்னு பாத்துட்டுப் போறாங்க. ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கறாங்க. அதானுங்க பயமா இருக்குது."

சுமதி உடனே முதலாளியிடம் சொன்னாள். "ஊத்துதானே மேடம், மழை வந்தா வந்துடும்" என்றார் அவர்.

அடுத்த வாரம் மலையிலிருந்து போன் வந்தபோது "சொல்லுங்க திருநாவுக்கரசு" என்று எடுத்தாள். பதில் இந்தியில் வந்தது. பெண் குரல். சின்ன வயது, ஆனால் அவசரமில்லாத குரல்.

"உங்க ஆளுங்க அஞ்சு பேரும் வண்டியும் எங்ககிட்ட இருக்கு. நான் கமிட்டி செயலாளர், காம்ரேட் சரிதா."

"அவங்களோட நான் பேசணும், பெஹன்" என்று இந்தியிலேயே அவளைத் தங்கையாக்கிக் கேட்டாள் சுமதி.

"பெஹலே பானி" என்றாள் சரிதா. முதலில் தண்ணீர். போன் வைக்கப்பட்டது.

ராகவேந்திரா கேட்டதும் கதவைச் சாத்தினார். "மேடம், இனிமே நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா தப்பு நம்மளுதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. எம்பஸிக்கு எழுதியாச்சு. அவங்க பாத்துப்பாங்க."

"ஊத்து வத்தினது நம்மாலதானே சார்?"

"யார் சொன்னா?"

"திருநாவுக்கரசு சொன்னார். நான் உங்ககிட்ட சொன்னேன்."

"அதை இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றவர், அன்று மாலையே பெங்களூர் கிளம்பினார். அதன் பிறகு அவர் போன் பெரும்பாலும் அணைந்தே கிடந்தது.

சுமதி பேசினாள். தினமும் பேசினாள். சரிதாவின் அப்பா தில்லியில் காவல்காரராக இருந்தவர், அவள் இந்தி அங்கே படித்தது, குடம் சுமக்கிற வரிசையில் அவள் அம்மாவும் நிற்கிறாள் என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அங்கே பாதி நாள் மின்சாரம் இல்லை. வண்டியின் எஞ்சினை ஓடவிட்டுத்தான் போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். பேசப் பேச டீசல் குறைந்தது.

"எங்க சர்க்கார் வந்துச்சுன்னு ஊரே கூத்தாடிச்சு தீதி" என்றாள் சரிதா ஒருநாள். "சர்க்கார் வந்துச்சு. தண்ணி போச்சு. இப்ப கெழவிங்க என்னைத்தான் கேக்கறாங்க, இதுக்குத்தானா நீ காட்டுக்குப் போனேன்னு."

காலையில் கீழே மருந்துக்கடை திறப்பதற்கு முன்பே திருச்செங்கோட்டிலிருந்து ரோகிணி கூப்பிடுவாள். திருநாவுக்கரசின் மனைவி. "எம்பட ஊட்டுக்காரரு கொரலை ஒருக்காக் கேக்க வெச்சுருங்க மேடம், போதும்" என்பாள். சரிதாவிடம் கெஞ்சி ஒருநாள் சுமதி அதையும் செய்தாள். ஆபீஸ் ரிசீவரையும் தன் செல்போனையும் வாயும் காதுமாக ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "மாட்டுக்குத் தவுடு வெச்சியா?" என்றார் திருநாவுக்கரசு.

அதற்கு அடுத்த நாள் எல்லாம் கெட்டது. வண்டி ஆபரேட்டர் தமிழ்ச்செல்வன், புதிதாகக் கல்யாணமானவன், ஆற்றுப் பக்கமாக ஓடப் பார்த்துப் பிடிபட்டான்.

"துரத்தின எங்க ஆள் பாறையில விழுந்து காலை ஒடிச்சிக்கிட்டான்" என்றாள் சரிதா. அக்கா என்கிற 'தீதி' போய்விட்டிருந்தது. "ஜில்லாக் கமிட்டிக்காரங்க வராங்க, மேடம். வந்தா இவங்களை எங்க கொண்டுபோவாங்கன்னு எனக்கே தெரியாது. இனிமே இந்தப் போன் அடிக்காது."

அடிக்கவில்லை. சுமதி திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தினாள். தூதரகத்தில் கேட்டதற்குக் கோப்பு நகர்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ரோகிணி கூப்பிட்டபோது "லைன் சரியில்லம்மா" என்று பொய் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் விசும்பல் தொடங்கியது. குரலைக் கேட்டுப் பொய்யைக் கண்டுபிடிக்க ரோகிணிக்கும் தெரிந்திருந்தது. வீட்டில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து மகள் அஸ்வினி, "கைக்கு டென்ஷன் லேரே மம்மி? கம்பெனி ஆப் கா ஹை க்யா?" என்று தக்கனியில் கேட்டாள், எதற்கு இந்தக் கவலை என்பதாக. கம்பெனி அவளுடையது இல்லைதான். அனந்தராமன் மட்டும் தட்டை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

எத்தனையாவது முயற்சியிலோ சரிதா எடுத்தாள். "நாளைக்கு வராங்க" என்றாள், கிசுகிசுப்பாக.

"பெஹன், வைக்காதே. கேளு. அந்த வண்டி இரும்புக்குன்னு செஞ்சதில்ல. தண்ணிக்குன்னு செஞ்சது. இவங்க ஊரே அதுதான் தொழில். ஆளுங்களை வண்டிகிட்ட விடு. தொளை போடற ராடை எறக்கட்டும். தண்ணி வந்தா அஞ்சு பேரையும் பார்டர் தாண்டி அனுப்பு."

"வரலைன்னா?"

"இன்னொண்ணு போடுவாங்க."

சரிதா யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு போன் கைமாறியது.

"மொதலாளி சொல்லாம ராடை எறக்குனா வேலை போயிருமுங்க மேடம்" என்றார் திருநாவுக்கரசு.

"மொதலாளி பேரை இதுல இழுக்கல. நான் சொல்றேன்."

"டீசல் ஒரு ஓட்டைக்குத்தானுங்க வரும். ரெண்டுக்குத் தாங்காதுங்க."

சரிதாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே பொய்யாகிவிட்டது. "அப்ப நல்ல எடமாப் பாருங்க" என்றாள்.

"பாறைக்குள்ள ஆருங்க பாத்தது?" என்றார் அவர். ஆனாலும் போனார்.

இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று சரிதாவிடம் கேட்டுக்கொண்டாள். கம்பிரசர் முழங்கத் தொடங்கியது. ராடு மேல் ராடாக இறங்கியது. நடுநடுவே தமிழ்ச்செல்வன் வந்து கத்திவிட்டுப் போனான்: "புழுதிதான் மேடம்... இன்னும் புழுதிதான்." கீழே மருந்துக்கடைக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை மரத்துப்போனது தெரியவில்லை. மதியத்துக்கு மேல் எஞ்சின் இரண்டு முறை திணறி இருமியது. அப்புறம் சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது. லைன் போய்விட்டது.

டீசல் தீர்ந்ததா, ஜில்லாக்காரர்கள் வந்துவிட்டார்களா? சுமதி மீண்டும் எண்ணை அழுத்தவில்லை. அழுத்தப் பயமாக இருந்தது. நின்றே இருந்தாள்.

மணி அடித்தது. எடுத்ததும் ஒரே கூச்சல். பெண்கள், நிறையப் பெண்கள். அது சண்டையா சந்தோஷமா என்று, குரல் பிடித்தே வாழ்ந்தவளுக்கு அன்று புரியவில்லை.

"யாராவது சொல்லுங்களேன்" என்று கத்தினாள். "திருநாவுக்கரசு!"

"வந்துருச்சுங்க!" என்றார் அவர். குரல் நனைந்திருந்தது. "மொதல்ல சேறுங்க, பொறவு தண்ணிங்க. எங்கூட்டு ஒசரத்துக்கு அடிக்குதுங்க மேடம். அந்தப் புள்ள சரிதா உச்சியில இருந்து காலு வரைக்கும் நனைஞ்சுட்டு நிக்குதுங்க."

சரிதா வாங்கிப் பேசினாள். "ஆளுங்க இப்பவே கிளம்பட்டும் தீதி, ஜில்லாக்காரங்க வர்றதுக்குள்ள. வண்டி இங்கதான் நிக்கும். பக்கத்துல இன்னும் ரெண்டு ஊர் இருக்கு."

"யார் ஓட்டுவாங்க?"

"கத்துப்போம்."

சுமதி ஒரு கணம் யோசித்தாள். கம்பெனியின் வண்டி, அவள் கொடுக்க முடியாத பொருள். "கிரீஸ் வைக்காம மட்டும் ஓட்டாதீங்க" என்றாள்.

ஐந்து பேரும் எல்லை தாண்டி ரயிலேறிய பிறகுதான் ராகவேந்திராவின் போன் உயிர் பெற்றது. யாரைக் கேட்டுச் செய்தீர்கள், வண்டிக்கு யார் பதில் சொல்வது, உங்களை யார் பேசச் சொன்னது என்று நெடுநேரம் கத்தினார். கடைசியில், "நாளையிலேர்ந்து நீங்க ஆபீஸுக்கு வர வேண்டாம்" என்றார்.

"நாளைக்கு வர முடியாது சார். கோரக்பூர் வண்டி வருது. ஸ்டேஷனுக்குப் போகணும்" என்றாள் சுமதி.

செகந்திராபாத் ரயில் நிலையத்தில் வண்டி தாமதமாகத்தான் வந்தது. கூட்டம் கலைந்த பிறகு ஐந்து பேர் பிளாட்பாரத்தில் மிஞ்சினார்கள். ஐந்து தாடி, ஐந்து கம்பளி, குளிரில் வெடித்த உதடுகள். போகிற வருகிற பெண்களின் முகத்தையெல்லாம் தயங்கித் தயங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுமதி கிட்டே போனாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒன்றுகூட அவளுக்குப் பிடிபடவில்லை. அவர்களும் விழித்தார்கள். ஒருவர் கைகூப்பப் போனார். அவரைக் கையமர்த்திவிட்டு, நடுப் பிளாட்பாரத்தில் சுமதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இப்ப பேசுங்க" என்றாள்.

"ஏனுங் மேடம்…" என்றது ஒரு குரல்.

கண்ணைத் திறக்காமலே அந்தத் திசைக்குக் கையை நீட்டினாள்.