துணைக்கால்

போன மாதம் என் பழைய நிரல் ஒன்றுக்கு நானே மூடுவிழா நடத்தினேன். பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை யூனிகோடுக்கு மாற்றும் நிரல் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தேன். இப்போது அந்த எழுத்துருக்களைத் தொடுவாரில்லை. அதைவிட நல்ல நிரல்களும் வந்துவிட்டன.

அதை எழுதியதே அக்காவுக்காகத்தான். நான் கொழும்பில் படித்தபோது அவர் கஹவத்தையில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் டைப் அடித்தார். ரப்பர் பால் வெட்டப் போகாமல், நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் அவர்தான். அந்த மிதப்பு அவருக்குக் கொஞ்சம், எனக்கு நிறைய. அவருடைய மின்னஞ்சல்கள் என் கணினியில் கன்னாபின்னாவென்று வரும். அவற்றைப் படிக்கத்தான் அந்த நிரல்.

மூடுமுன், இனி இதைப் பாவியுங்கள் என்று வேறொரு நிரலைக் காட்டிவிட வேண்டும். அதைச் சோதிக்க அக்காவின் பழைய கடிதம் ஒன்றைப் போட்டேன். 'அம்மர சுகமர இருக்கர' என்று வந்தது. இதெல்லாம் ஒரு நிரலா என்று எரிச்சலோடு என்னுடையதைத் திறந்து ஒப்பிட்டேன். நடுவில் பத்து வரி கிடந்தது. துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்திருந்தால் சத்தமில்லாமல் திருத்திவிடும் வரிகள். எழுதியவன் நான்தான். எழுதியதே மறந்துபோயிருந்தது.

அந்த எழுத்துருவில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அக்கா எப்போதும் 'ர'வையே அழுத்தியிருக்கிறார். தாளில் யார் கண்ணிலும் படவில்லை. கடையில் பழைய பெயர்ப் பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றித் தேடத் தொடங்கியபோதுதான் வினை வந்தது. அவர் அடித்த பெயர்களில் பாதி அகப்படவில்லை.

அன்று ஃபோன் பண்ணினார்.

"தம்பி, நான் அடிக்கிறதெல்லாம் பிழையாம். வேல சரியில்லன்னு மொதலாளி ஆளுக முன்னாடி 'வெடே ஹரி நே'ன்னு சிங்களத்துல ஏசுறாரு. என்னா பிழைன்னு அவருக்கும் சொல்லத் தெரியல. ஒரு லிஸ்ட்ட ஒனக்கு அனுப்பியிருக்கேன், கொஞ்சம் பாருப்பா."

அந்தப் பத்து வரியின் நினைவே இல்லாமல், வழக்கம்போல என் நிரலில் போட்டுப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

"ஒங்க மேல பிழையே இல்லக்கா. கடை மெசின்லதான் பிழை. தைரியமா போய் சொல்லுங்க."

சொன்னார். அடுத்த வாரமே அவர் இடத்தில் வேறொரு பிள்ளையை வைத்துக்கொண்டார்கள். அக்கா பால் வெட்டப் போனார். இரண்டு வருடங்களுக்கு முன் சாகும்வரை வெட்டினார்.

எந்த விசை என்று காட்டியிருந்தால் ஒரே நாளில் பழகியிருப்பார். ஒருநாள்கூட அவர் என்னைக் குறை சொன்னதில்லை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் லயத்து ஆட்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டுவார்.

"என் மேல பிழை இல்லேன்னு எந் தம்பியே பார்த்துச் சொல்லிருச்சு. அது படிச்ச புள்ள, அதுக்குத் தெரியாதா?"