பொங்கல் பானையில் கட்டிய கல்வாழை

கல்வாழை வளர்க்கிறது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. துவைக்கிற தண்ணி ஓடுகிற இடத்தில் கிழங்கை ஊன்றிவிட்டால் போதும், அது பாட்டுக்கு வரும். செம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிவிட்ட மோரித் தண்ணி போகிற இரண்டடி இடம்தான் என் தோட்டம். சிவப்புப் பூ ஏற்கெனவே எக்கச்சக்கம். மஞ்சள் பூக்கிற ஜாதிக்காகத் தேவ்நார் சிநேகிதியை நச்சரித்து ஒரு கிழங்கு வாங்கி வைத்தேன். தினமும் பல் தேய்த்துக்கொண்டே போய் மொட்டு வந்துவிட்டதா என்று பார்ப்பேன். அதில் எவனாவது கை வைத்தால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும், வந்து நாலு மாசமே ஆன மருமகளைத் தவிர.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஸ்டேஷன் படியில் சறுக்கி என் காலில் மாவுக்கட்டு. பொங்கல் மருமகள் தலையில் விழுந்தது. அவள் தாராவியில் பிறந்தவள். பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே அம்மாவைப் பறிகொடுத்தவள். "அத்தே, என் கையால வைக்கிற முதப் பொங்கல், ஒரு குறையும் வந்துரக்கூடாது" என்று பத்து தடவை சொன்னாள். பாவமாக இருந்தது.

அன்று காலையில் வாசலில் செங்கல் அடுப்புக் கூட்டி, பானையைக் கொண்டுவந்தாள். பானைக் கழுத்தில் கிழங்கும் இலையுமாக மஞ்சக்குலை. பரவாயில்லையே என்று நினைத்தேன். அப்புறம்தான் இலையைப் பார்த்தேன். அடிப்பாவி, என் கல்வாழை! வேரோடு!

"சரியாக் கட்டிருக்கேனா அத்தே? ஆபீஸ் விட்டுப் போறதுக்குள்ள மார்க்கெட்ல தீந்துபோச்சு. நல்லவேளை, நீங்களே பின்னால மஞ்சள் வச்சிருந்தீங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "நல்லாத்தான் கட்டிருக்கே" என்றேன். பால் பொங்கியது. குலவை போட்டேன், கண் மட்டும் கல்வாழை மேலேயே இருந்தது.

காட்கோபரிலிருந்து என் நாத்தனார் வந்தாள். அவள் கண்ணுக்கு எது தப்பும்? "ஏ மதினி, இதென்ன கூத்து? கல்வாழையப் போய்க் கட்டிருக்கு! உன் மருமவளுக்கு மஞ்சளுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதோ?"

மருமகள் கரண்டியை வைத்துவிட்டுப் பானைக் கழுத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நான்தான் கட்டச் சொன்னேன். மஞ்சள் கிடைக்கல, பச்சையா ஒண்ணு கட்டுனா சாமி கோவிச்சுக்கிடுமா? பொங்கலைத் தின்னுட்டுப் பேசு" என்றேன்.

நாத்தனார் இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டுப் போனாள்.

அவள் போனதும் மருமகள் என் நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அது உங்க செடியா அத்தே?"

"ஆமா."

"அப்பமே ஏன் ஏசல?"

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு..."

"உங்க மகனைத் தெனமும் ஏசுதீங்க. என்னைய ஒரு நாளும் ஏசுனதில்ல. நான் இன்னும் விருந்தாளிதானா? எங்கம்மா இருந்தா ஏசிருப்பா."

எனக்கு எங்கிருந்து வந்ததோ! "எரும மாடே, கண்ணு எங்கட்டி போச்சு? ரெண்டு மாசமா மொட்டு வருதான்னு காத்துக் கெடந்த செடியை வேரும் மூடுமாப் பிடுங்கிட்டு வந்து நிக்கியே, மூதேவி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டு மராத்திக்காரி பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். மருமகள் என் மாவுக்கட்டுக் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் ஏசிக்கொண்டே அழுதேன்.