அப்பாவுக்கு வைத்த கண்கள்

சமஸ்தானம் ஒழிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஆர்ட்டிஸ்ட் கடை வைத்திருந்தார். ஒல்லியான ஆள், பெரிய, தூக்கமில்லாத கண்கள். வரையும்போது அடிக்கொரு தரம் தூணில் தொங்கிய சவரக் கண்ணாடியைப் பார்த்துக்கொள்வார். அழகு பார்க்கிறாராக்கும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இறந்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து எடுத்ததுதான் அப்பாவின் ஒரே போட்டோ. அந்த மூடிய கண்களைத் திறந்தமாதிரி வரைந்து தரச் சொல்லி அவரிடம் கொடுத்திருந்தேன்.

"ஒங்கப்பாவுக்குக் கண்ணு எப்படி இருக்கும் தம்பி?"

யோசித்துப் பார்த்தேன். அப்பா முன்னால் நான் தலைநிமிர்ந்து நின்றதே இல்லை.

"தெரியலீங்க."

"விடுங்க. கேட்டா யாருக்கும் தெரிய மாட்டேங்குது." பிரஷை நனைத்துக்கொண்டே சொன்னார்: "சோப்பு லேபிள் பொம்பளை, காலண்டர் முருகன், சர்க்கஸ் போர்டுல சிங்கம், எல்லாத்துக்கும் இந்தக் கண்ணாடியைப் பாத்துத்தான் கண்ணு வச்சேன். அதெல்லாம் கிழிஞ்சு போச்சு. இந்த மாதிரி படத்தைத்தான் வீட்டுல வச்சிருக்காங்க."

படத்தைப் பார்த்ததும் அம்மா, "அவுகளேதான்" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

வருஷா வருஷம் திதியன்று மாலை போட்டுவிட்டு நிமிர்ந்தால், அந்த ஆர்ட்டிஸ்ட்தான் என்னைப் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். அப்பாவாக இருந்தால் இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன்.